பீலித் தண்ணீரும் பீப்பாய்த் தண்ணீரும்

கேள்வி: என் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் சிறப்புப் பட்டத்தின் இறுதி ஆண்டில் படிக்கிறாள். சமநிலையற்ற குவாண்டம் தொகுதிகளில் இலத்திரன்கள் கடந்து செல்வதைப் பற்றிய கோட்பாட்டு ஆய்வையே தொடரப் போகிறாளாம். ஆய்வுகூடம் வேண்டாம், தாளும் கணினியும் போதும் என்கிறாள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் எனக்கு இது என்னவென்றும் விளங்கவில்லை, பிழைப்புக்கு உதவுமா என்றும் தெரியவில்லை.
– ஒரு தந்தை, ஹட்டன்

பதில்: அன்புள்ள ஐயா,

லயத்துப் பீலியில் விழும் தண்ணீரும், வாசலில் பீப்பாயில் பிடித்து வைத்த தண்ணீரும் காலையில் பார்த்தபடியே மாலையிலும் இருக்கும். ஆனால் பீப்பாய்த் தண்ணீர் ஓய்ந்து நிற்பதால் மாறாதிருக்கிறது. பீலித் தண்ணீரோ மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஓயாமல் ஓடுவதால் மாறாததுபோல் தோன்றுகிறது. முன்னது சமநிலை, பின்னது உங்கள் மகளின் துறை. சமநிலையில் உள்ள பொருளில் எந்தச் சக்தி மட்டத்தில் எத்தனை இலத்திரன்கள் இருக்கும் என்பதைச் சொல்ல ஒரே பொது விதி உண்டு. ஒரு மூலக்கூறை இரு உலோக முனைகளுக்கிடையே வைத்து மின்கலத்தை இணைத்தவுடன் அந்த விதி கைகொடுக்காது. ஒரு முனை ஒரு கணக்கையும் மறுமுனை வேறொரு கணக்கையும் சொல்ல, நடுவிலுள்ள மூலக்கூறு இரண்டுக்கும் கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

குவாண்டம் உலகில் இலத்திரன் அலைபோலவும் நடந்துகொள்ளும். 1957இல் பௌதிகவியலாளர் ரொல்ஃப் லாண்டவர், ஒரு முனையிலிருந்து புறப்படும் இலத்திரன் அலை மறுமுனையை எட்டும் வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்வியாக மின்தடையை மாற்றினார். அந்த வழியில் பின்னர் வளர்ந்த கணக்கின்படி, அலை எங்கும் தடைபடாமல் கடந்தாலும், ஒரே பாதை கொண்ட மிக ஒடுங்கிய கம்பியின் தடை பூச்சியமாவதில்லை. ஏறத்தாழ 12,906 ஓம் எஞ்சுகிறது. பாதையை அகலமாக்கினால் கடத்தல் சீராகக் கூடாமல், ஒவ்வொரு புதிய பாதை திறக்கும்போதும் படிக்கட்டுபோல் ஒவ்வொரு படியாகக் கூடுவதை 1988இல் நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் இரு குழுக்கள் அளந்து காட்டின. அந்தத் தடை கம்பிக்குள் இல்லை, அகன்ற முனையிலிருந்து ஒடுங்கிய பாதைக்குள் நுழையும் வாயிலில் இருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுவதையும் சேர்த்துக்கொண்டால் இந்த எளிய வடிவம் போதாது. ஓட்டம் தொடங்கிய தொகுதி பழைய நிலைக்கே திரும்பும் என்று நம்ப முடியாததால், காலத்தில் முன்னே சென்று மீண்டும் தொடக்கத்துக்கே வந்து கணக்கை முடிக்கும் முறையை 1964இல் பௌதிகவியலாளர் கெல்டிஷ் வகுத்தார். மகள் இனி வருடக்கணக்கில் மல்லுக்கட்டப் போவது பெரும்பாலும் இதனோடுதான்.

பிழைப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தப் பெயரில் மலையகத்தில் வேலை கிடையாது. பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி உண்டு, அதற்கு வெளிநாட்டுக் கலாநிதிப் பட்டம் பெரிதும் உதவும். பல நாடுகளில் பௌதிகவியல் ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை கிடைப்பதால் நீங்கள் கடன்பட வேண்டியதில்லை. இடையில் மனம் மாறினாலும், கற்ற கணினிக் கணிப்பு வேறு தொழிலுக்கு உதவும்.

விண்ணப்பிக்கும் முன், சில அணுக்கள் கொண்ட சங்கிலி ஒன்றுக்கு லாண்டவர் கணக்கை அவளே நிரலாக எழுதிப் பார்க்கட்டும். பழுதற்ற சங்கிலியில் வாய்ப்பு 1 என வர வேண்டும். நடுவில் ஓர் அணுவை மாற்றினால் அது குறைய வேண்டும். விடை பிழைத்து, காரணம் தேடி நாள்கள் கழியும்போதும் அவளுக்குச் சலிப்பு வராவிட்டால் தடுக்காதீர்கள். நீங்கள் இப்போதே பணம் ஒதுக்க வேண்டியது ஒரு நல்ல கணினிக்கும் ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்துக்கும்தான்.