கருத்துக் கணிப்புக்கு எப்படி அழைப்பது?

கேள்வி: ஊழியர் கருத்துக் கணிப்புக்கு மின்னஞ்சல் அனுப்பியும் பெரும்பாலோர் பதிலளிக்கவில்லை. அழைப்பை எப்படி எழுத வேண்டும்?
– மனிதவள அலுவலர், அம்பத்தூர், சென்னை.

பதில்: ‘அனைவரும் தவறாமல் பூர்த்தி செய்யவும்’ என்று தொடங்கினால் அது சுற்றறிக்கையாகவே படும். எதற்காகக் கேட்கிறீர்கள், எத்தனை நிமிடம் ஆகும், கடைசி நாள் எது என்பவற்றை முதல் வரிகளிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைப்பை அனுப்பிவிட்டு, ‘யார் எழுதியது என்று தெரியாது’ என உறுதி கூறுவது பெரும் தவறு. தனி இணைப்பை வைத்தே விடையளித்தவர் யாரென அறிய முடியும் என்பதை ஊழியர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். அதற்குப் பதிலாக, ‘தனிப்பட்ட விடைகள் மேலாளரிடம் போகாது, 10 பேருக்குக் குறைவான பிரிவின் முடிவுகள் தனியே வெளியிடப்படமாட்டா’ என்று எழுதி, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். மின்னஞ்சல் பார்க்காத இரவு ஷிஃப்ட் தொழிலாளர்களுக்காக, தமிழில் அச்சிட்ட அழைப்பைக் கியூஆர் குறியீட்டோடு கேன்டீன் பலகையில் ஒட்டுங்கள். சென்ற முறை சொல்லப்பட்ட குறைகளுள் எது சரிசெய்யப்பட்டது என்பதையும் மறவாமல் அதில் குறிப்பிடுங்கள்.