இறுகிய தசையை அழுத்தி அடக்க வேண்டாம்
வாசகர் கேள்விகள், பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

*பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். கழுத்திலிருந்து தோள் வரை இரண்டு பக்கமும் கல்லாக இறுகிக் கிடக்கிறது. தைலம் தேய்த்துப் பார்த்தேன், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா முழங்கையை ஊன்றி அழுத்தி விட்டார். அப்போது சுகமாக இருந்தது, மறுநாள் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. என்ன செய்வது?*
*வாசகி, திருப்பூர்*

நீங்கள் எழுதியிருக்கும் அதே தோளைத் தையல் வேலை செய்கிறவர்களிடம் நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஊசி முனையைப் பார்க்கத் தலை முன்னால் போகிறது. துணியை நகர்த்த இரண்டு கைகளும் மணிக்கணக்கில் தூக்கியபடி நிற்கின்றன. மனிதத் தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ. அது முன்னால் சரியச் சரிய, விழாமல் பிடித்து வைக்கும் வேலை பின்கழுத்துத் தசைகளின் தலையில் விழுகிறது. லேசான இழுவைதான், ஆனால் விடுதலையே இல்லை. அதனால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, தொட்டாலே வலிக்கும் முடிச்சுகள் உண்டாகின்றன.

இப்படிப்பட்ட தசையை முழங்கையால் நசுக்கினால் என்ன ஆகும்? வலி தாங்காமல் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். மறுநாள் உங்களுக்கு நடந்தது அதுதான். அழுத்துவது தப்பில்லை, அளவுதான் முக்கியம். சுவருக்கும் தோள்பட்டைக்கும் நடுவே ஒரு ரப்பர் பந்தை வைத்து, முடிச்சின் மேல் மெதுவாகச் சாயுங்கள். "வலிக்கிறது, ஆனால் மூச்சு விட முடிகிறது" என்ற அளவில் அரை நிமிடம் போதும். அமெரிக்க அதிபர் கென்னடிக்கு மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல் இந்த முடிச்சுகளை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். ஓர் இடத்து முடிச்சு வேறோர் இடத்தில் வலி காட்டும் என்று படம் வரைந்து விளக்கியவர் அவர். தோள் முடிச்சு நெற்றிப்பொட்டில் தலைவலியாகத் தெரிவது அப்படித்தான். உங்களுக்கும் சாயங்காலம் ஒரு பக்கத் தலைவலி வருகிறதா என்று கவனியுங்கள்.

இரவு வீட்டுக்கு வந்ததும் முதலில் சூடு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டோ, கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டிய ஒத்தடமோ, எது கைக்கு வருகிறதோ அது, 15 நிமிடம். சூடு இதமாக இருக்க வேண்டும், தோல் சிவந்து எரியக் கூடாது. (சர்க்கரை நோயால் மரத்துப்போன கால்களுக்கு யாரும் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சுட்டது தெரியாமலேயே புண்ணாகிவிடும்.)

அப்புறம் இதைச் செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலையை இடப்பக்கம், லேசான இழுவை தெரியும் வரை சாயுங்கள். இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வலது காதுக்கு மேலே வையுங்கள். இப்போது அந்தக் கைக்கு எதிராகத் தலையை வலப்பக்கம் தள்ளுங்கள். கை விட்டுக் கொடுக்காமல் நிற்கட்டும், தலை அசையக் கூடாது. உங்கள் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஏழெட்டு நொடி கழித்து மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டே தள்ளுவதை நிறுத்துங்கள். தலை தானாக இன்னும் கொஞ்சம் சாயும். கையால் இழுக்காமல் அங்கேயே அரை நிமிடம் இருங்கள். பக்கத்துக்கு மூன்று முறை.

இறுகியிருப்பதைத் தளர்த்த அதையே முதலில் இயங்கச் சொல்வது விசித்திரமாகத் தோன்றும். 1940-களில் கலிஃபோர்னியாவில் ஹெர்மன் கபாட் என்ற மருத்துவரும் மார்கரெட் நாட் என்ற பிசியோதெரபிஸ்டும் போலியோ நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்தபோது உருவாக்கிய முறைகளில் இதன் வேர் இருக்கிறது. பின்னாளில் செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட் மிக மெல்லிய விசையை வைத்தே இதைச் செய்தார். நான் எல்லாருக்கும் சொல்லித் தருவது அந்த மென்மையான வடிவத்தைத்தான்.

இத்தனையும் செய்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தால் தோள் மறுபடி இறுகத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தத் தசைக்கு வேலையைத் தாங்கும் பலம் வேண்டும். ஒரே மாதிரியான வேலையால் தோள் வலித்த பெண்களை வைத்து டென்மார்க்கில் நடந்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. வாரம் மூன்று நாள், 20 நிமிடம், 10 வாரம் எடை தூக்கித் தோளைப் பலப்படுத்தியவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. உங்களுக்கு ஜிம் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கைக்கு ஒன்று. தோள்களைக் காதை நோக்கி உயர்த்தி, மெதுவாக, மிக மெதுவாக இறக்குங்கள். பத்துப் பதினைந்து முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்டுங்கள்.

கம்பெனியில் ஒரு பண்டல் முடித்து அடுத்ததை எடுக்கும் முன் கைகளை மடியில் போட்டு இரண்டு மூச்சு விடுங்கள். பீஸ் ரேட்டில் அந்தச் சில நொடிகளும் காசுதான் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். ஸ்டூல் தாழ்வாக இருந்தால் உட்காரும் இடத்தில் ஒரு திண்டு போட்டுக்கொள்ளுங்கள், தோளைத் தூக்கித் தைக்க வேண்டியிருக்காது.

வலி கைக்கு இறங்கினால், விரல் மரத்துப்போனால், கத்தரிக்கோல் கை நழுவினால் இதையெல்லாம் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள். அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

*முடி வெட்டி முடித்ததும் கடைக்காரர் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி நெட்டி முறித்து விடுவார். இறுக்கமெல்லாம் போன மாதிரி இருக்கும். நல்லதா?*
*வாசகர், மதுரை*

வேண்டாம். அந்தச் சத்தம் தசையிலிருந்து வருவதில்லை, மூட்டுக்குள் இருக்கும் வாயுவால் வருவது. சுகம் கொஞ்ச நேரத்தில் போய்விடும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. சட்டென்று திருகும்போது அபூர்வமாக அவற்றின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, சின்ன வயதுக்காரர்களுக்கும் பக்கவாதம் வந்திருக்கிறது. தலையையும் தோளையும் நன்றாகப் பிடித்து விடச் சொல்லுங்கள். தாடையில் கை வைக்கும்போது மட்டும் "அது வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

*அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. இடது கை முஷ்டியாக மூடிக்கொண்டது. பார்த்துக்கொள்ள வருகிறவர் விரல்களைப் பிடித்து இழுத்துத் திறக்கிறார், அப்பா கத்துகிறார். பயிற்சிக்கு ஸ்மைலி பந்தும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் இறுகுவது போலத்தான் தெரிகிறது.*
*வாசகர், மயிலாடுதுறை*

தம்பி, இன்றைக்கே அந்த இழுப்பை நிறுத்தச் சொல்லுங்கள்.

இது முதல் கேள்வியில் வந்த இறுக்கம் இல்லை. நம் தசைகளை வேகமாக இழுத்தால் எதிர்த்துச் சுருங்கும் அனிச்சைச் செயல் எல்லாருக்கும் உண்டு. அதை அடக்கி வைப்பது மூளை. பக்கவாதத்தில் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு பலமாகக் கை மூடும். ஆகவே மெதுவாகச் செய்வதுதான் பாதி வைத்தியம்.

கையைத் திறக்க ஒரு வழி இருக்கிறது. அப்பாவை வசதியாகப் படுக்கவோ சாயவோ வைத்து, முழங்கைக்குக் கீழே தலையணை கொடுங்கள். விரல்களைத் தொடாதீர்கள். முதலில் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெல்ல மடக்குங்கள். விரல்களை மூடும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் போகின்றன. மணிக்கட்டு மடங்கினால் அவை தொய்யும், விரல்கள் பாதி தானாகவே விடும். பெருவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே எடுங்கள். பிறகு மற்ற விரல்கள். அவை விரிந்தபின் அப்படியே பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெதுவாக நிமிர்த்துங்கள். எதிர்ப்பு வந்தால் அங்கேயே நின்று காத்திருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் கை இளகுவது உங்கள் விரல்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் உள்ளங்கையைக் கழுவித் துடைத்து, நகத்தையும் வெட்டிவிடுங்கள். மூடிய கைக்குள் வியர்வை தேங்கிப் புண்ணாவது சகஜம்.

பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். மூடுவதற்கு அந்தக் கைக்குப் பயிற்சி தேவையில்லை, திறக்கத்தான் தேவை. இரவில் கையை விரித்து வைக்கும் ஸ்பிளிண்ட் உதவுமா என்று உங்கள் பிசியோதெரபிஸ்ட் கையைப் பார்த்துச் சொல்லட்டும். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு நழுவும்.

ஒருநாள் திடீரென்று இறுக்கம் கூடினால் வேறெங்கோ தொந்தரவு இருக்கிறதா என்று தேடுங்கள். மலச்சிக்கல், நிறைந்த சிறுநீர்ப்பை, சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த நகம். அப்பாவால் வாய்விட்டுச் சொல்ல முடியாத வலியைக் கை சொல்லும். இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. இறுக்கம் சில தசைகளில் மட்டும் கடுமையாக இருந்தால் அவற்றைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடுவார்கள். பலன் சுமார் மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் நீட்டும் பயிற்சியை விடாமல் செய்தால்தான் ஊசி போட்டதற்குப் பயன். நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். ஏழு மாதம்தான் ஆகிறது, இன்னும் செய்ய நிறைய இருக்கிறது.

*பள்ளி ஆசிரியை நான். பேப்பர் திருத்தும் நாட்களில் தாடை இறுகி, பல்லைக் கடித்தபடியே இருக்கிறேன். படுத்தாலும் உடம்பு தளர்வதில்லை.*
*வாசகி, நாகர்கோவில்*

உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒட்டாமல் இருக்கட்டும், நாக்கு நுனி மேல்பற்களுக்குப் பின்னால் இருக்கட்டும். சாப்பிடும் நேரம் தவிரத் தாடை இருக்க வேண்டிய நிலை இது. ஒவ்வொரு விடைத்தாளிலும் மதிப்பெண் போடும்போது இதைச் சரிபாருங்கள்.

படுக்கையில், சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-ல் புத்தகமாகவே எழுதிய முறையைச் செய்யலாம். வலது கையை ஐந்து நொடி இறுக்கி மூடி, சட்டென்று விட்டு, அரை நிமிடம் அந்தக் கையையே கவனியுங்கள். பிறகு இடது கை, தோள், முகம், வயிறு, தொடை, பாதம். இறுக்குவதைவிட விட்ட பிறகு கவனிக்கும் அரை நிமிடம்தான் முக்கியம், அவசரப்படாதீர்கள். காலையில் தாடை வலியோடு எழுந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் பல் நெரிப்பவர்களுக்கு அவர் உறை செய்து தருவார்.

*வயது 68. நடுராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. உயிர் போகிறது.*
*வாசகர், புதுக்கோட்டை*

ஐயா, இழுக்கும் நேரத்தில் முழங்காலை நீட்டி, பாதத்தை உங்கள் முகத்தை நோக்கி வளையுங்கள். கை எட்டாவிட்டால் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுங்கள். தூங்கப் போகும் முன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய்ந்து அரை நிமிடம் நில்லுங்கள். காலுக்கு மூன்று முறை. நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வில், கெண்டைக்காலையும் பின்தொடையையும் ஆறு வாரம் இப்படி இரவில் நீட்டியவர்களுக்கு இழுப்பு குறைந்தது. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.