சிகாகோ கப்ஸ் ரசிகர்கள் பேசும் ‘ஆட்டுச் சாபம்’ என்பது என்ன?

கப்ஸ், சிகாகோவின் பேஸ்பால் அணி. அமெரிக்க பேஸ்பாலின் கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் 1945-இல் நடந்தபோது, பில்லி சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர் தன் ஆட்டுக்கும் டிக்கெட் வாங்கி கப்ஸின் ரிக்லி மைதானத்துக்கு அழைத்துப்போனார். நாற்றம் அடிக்கிறது என்று ஆட்டை வெளியேற்றினார்கள். கோபத்தில் அவர் விட்ட சாபம்தான் இது என்பது கதை. அந்தத் தொடரில் கப்ஸ் தோற்றது. அடுத்த உலகத் தொடரில் ஆட 2016 வரை காத்திருந்தது.

சாபக் கதை ஏன் நிலைத்தது? மழை பொய்த்தால் தெய்வக் குற்றம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதில்லையா, அதுபோலத்தான். தலைமுறை தலைமுறையாகத் தோற்கும் அணியை நேசிப்பவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டும். 1969-இல் கையில் இருந்த முன்னிலையை நியூயார்க் மெட்ஸிடம் பறிகொடுத்தபோதும் ஆட்டின் தலையில்தான் பழி விழுந்தது.

உண்மையில் அணியை மாற்றியது, 2011-இல் அணியின் நிர்வாகத் தலைவராகப் பொறுப்பேற்ற தியோ எப்ஸ்டீன் இளம் வீரர்களை வைத்துப் பொறுமையாகச் செய்த கட்டுமானம். 2016 உலகத் தொடரில் கிளீவ்லாந்துக்கு எதிராக ஆட்டக் கணக்கில் 3-1 என்று பின்தங்கி, கடைசியான ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என வென்றார்கள். அந்த நாட்களில் ரசிகர்கள் ரிக்லியின் செங்கல் சுவரில், வெற்றியைக் காணாமலே இறந்த அப்பா, தாத்தா, பாட்டிகளின் பெயர்களைச் சாக்பீஸால் எழுதினார்கள். விளையாட்டு உலகில் இதைவிட அழகான அஞ்சலி இல்லை என்பேன்.

108 ஆண்டு வறட்சிக்கும் ஆடே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கப்ஸ் அதற்குமுன் கடைசியாகக் கோப்பை வென்றது 1908-இல். ஆடு வாசலுக்கு வரும்போதே 37 ஆண்டுகள் போய்விட்டிருந்தன.