அப்பாவுக்கு அரைப் பேர்

கேள்வி: எனக்கு 44 வயது. ஆறு வருடங்களாக என்னை மேம்படுத்திக்கொள்ளப் பாடுபடுகிறேன். காலை 4.30-க்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன். செயலி வைத்து 20 நிமிடம் தியானம், தினமும் 10,000 அடி நடை, பஸ்ஸில் ஒலிப்புத்தகம், படுக்கும் முன் நன்றிக் குறிப்பு. எல்லாவற்றுக்கும் நோட்டில் கட்டம் போட்டு டிக் செய்கிறேன். குடும்பத்தையும் விடவில்லை. அப்பாவுக்கு 76 வயது, இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலையில் வாசலில் அவரோடு 10 நிமிடம் பேசுகிறேன். அவரும் நன்றாக ஒத்துழைக்கிறார். அலாரம் அடிக்கும் முன்பே, "நேரமாச்சு மகன், நீ போ" என்று சொல்லிவிடுவார். இவ்வளவு செய்தும் மனதில் நிம்மதி இல்லை. இன்னும் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?
பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: தம்பி, உங்கள் கடிதம் மூன்று பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் பெரும்பகுதியை ஒரு முறைதான் படித்தேன். எத்தனையோ பேர் இதே பட்டியலை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள், எழுந்திருக்கும் மணி மட்டும் மாறும். அப்பாவைப் பற்றிய இரண்டு வரிகளைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

"ஒத்துழைக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்ற தகப்பன் மகனோடு பேசுவதற்கு ஒத்துழைக்கிறாரா? அலாரம் அடிக்கும் முன்பே அவர் ஏன் உங்களைப் போகச் சொல்கிறார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? அந்தச் சத்தத்தைக் கேட்டு நீங்கள் எழுந்து போவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. தானே அனுப்பிவிட்டால் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம். சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிட்டு, மகனுக்குத் தொந்தரவில்லாமல் பத்து நிமிடத்தை அளக்கப் பழகியிருக்கிறார் அந்த மனிதர். நீங்களோ அதற்கும் ஒரு டிக் போட்டுவிட்டு நடக்கப் போயிருக்கிறீர்கள்.

அவர் யார் என்பதை நான் உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1964-ல் இந்தியா, இலங்கை என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, இந்த மலைக் குளிருக்கு வந்து சேர்ந்த தலைமுறை அது. வந்த இடத்திலும் கணக்குதான். காலையில் பேர் கூப்பிடுவார்கள், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். கொழுந்தென்றால் கிலோக் கணக்கு, கவாத்தென்றால் செடிக் கணக்கு. இலங்கைத் தோட்டங்களில் எடை குறைந்தால் 'அரைப் பேர்' போடுவார்கள், அதாவது அரை நாள் கூலி. உங்கள் அப்பாவுக்கு அந்தச் சொல் நன்றாகவே தெரிந்திருக்கும். வாழ்நாள் முழுக்க யாராவது ஒருவர் நோட்டில் பேராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்று வாசலில் உட்கார்ந்தால், பெற்ற மகனும் ஒரு செக்ரோலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். அவருக்கு அரைப் பேர்கூட இல்லை, பத்து நிமிடம்.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

அப்படி எந்த அவசரத்துக்கு அவரை விட்டு எழுந்து போகிறீர்கள்? 10,000 அடிக்கு. டோக்கியோ ஒலிம்பிக் நடந்ததற்கு மறு வருடம், 1965-ல், ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'பத்தாயிரம் அடி அளவி' என்பதுதான் அதன் பெயருக்கே அர்த்தம். சொல்லவும் விளம்பரம் செய்யவும் வசதியான எண் என்பதால் பரவிவிட்டது. அந்த எண்தான் உலகம் சுற்றிக் கோத்தகிரி வரை வந்து, உங்களை அப்பா பக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டு போகிறது. நடப்பது நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டர் சொல்கிறபடி கட்டாயம் நடங்கள். ஏழாயிரத்தில் வீடு திரும்பினால் குடி முழுகிவிடாது.

ஊட்டிக்கு அப்பால் அவலாஞ்சி பக்கம் போயிருப்பீர்கள். சோலைகளுக்கு நடுவே கிடந்த புல்வெளியைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் அதை வெறுந்தரை என்று நினைத்தார்கள். சும்மா கிடக்கிறதே, உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை என்கிற வாட்டில் மரத்தையும், கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அதையே தொடர்ந்தோம். மழையைப் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது அந்தப் புல்தான் என்று புரிய இத்தனை காலம் ஆயிற்று. இன்று சீகையை அகற்றிப் புல்லை மீட்கப் படாத பாடு படுகிறார்கள், வெட்ட வெட்ட முளைக்கிறது. உங்கள் வீட்டு மாலைப் பொழுதிலும் நீங்கள் சீகை நட்டிருக்கிறீர்கள், தம்பி. டீ குடித்துக்கொண்டு, எதிர் மேட்டில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, "சும்மா உட்கார்ந்திருந்தோம்" என்று சொல்வது நம் வீடுகளில் ஒருநாளும் குறையாக இருந்ததில்லை. அதைக் குறை என்று உங்களுக்கு யார் சொன்னது?

மூன்று பக்கத்தில் உங்கள் மனைவி ஒரே ஓர் இடத்தில் வருகிறார், 4.30 மணி அலாரத்தில் அவர் தூக்கம் கெடுகிறது என்று. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னும் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஒன்றையும் மாற்ற வேண்டாம். நோட்டைக் கட்டிப் பரணில் போடுங்கள். இதைப் படித்ததும் 10 நிமிடத்தை 60 ஆக்கி, புதுக் கட்டம் போட்டுவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவோடு உட்கார்ந்தால் மன அமைதி கிடைக்குமாமே என்ற கணக்கோடும் போகாதீர்கள். அமைதி வந்தாலும் வராவிட்டாலும் அவர் உங்கள் அப்பா. இந்த வயதில் அவர் பக்கத்தில் இருப்பது மகனுடைய கடமை. அதில் எனக்கு என்ன கிடைக்கும் என்று பெற்றவர் விஷயத்தில் கேட்கிற வழக்கம் நமக்கு வேண்டாம்.

நாளை மாலை போனை உள்ளே வைத்துவிட்டு வாசலுக்குப் போங்கள். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் பேசாதீர்கள். கொஞ்ச நேரம் ஆனதும், பழக்கத்தில் அவர் "நேரமாச்சு மகன்" என்பார். "இல்லப்பா, இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். சில நாள் அவர் நம்பமாட்டார், மறுபடி மறுபடி சொல்வார். நீங்களும் மறுபடி மறுபடி இருங்கள். இருட்டிப் பனி இறங்கி, "குளிருது, உள்ள போவோம்" என்று அவரே எழுந்திருக்கும்போது, நாற்காலியையும் கம்பளியையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.