மூன்று கடைக்கு ஒரே ஆன்டெனா போதுமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் வாழ்க்கைப்பட்டு, சாலை வசதியில்லாத மஃபாத் மலைக்குள் லா நூவெல் என்ற ஊரில் கணவர் வீட்டாரோடு சேர்ந்து, மலையேற வருபவர்கள் தங்கும் விடுதி நடத்துகிறேன். பக்கத்தில் ஒரு மளிகைக்கடையும் இன்னொரு விடுதியும் இருக்கின்றன. மூவரும் சேர்ந்து ஒரு சாட்டிலைட் இணைய இணைப்பு எடுக்க நினைக்கிறோம். என் பெயரில் வீட்டுத் திட்டமாக எடுத்தால் மலிவு என்கிறார் மளிகைக்காரர். எடுக்கலாமா?
- ஒரு வாசகி, லா நூவெல்

பதில்: சேர்ந்து எடுங்கள் தங்கச்சி, நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் பெயரில், அதுவும் வீட்டுத் திட்டத்தில், வேண்டவே வேண்டாம். கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதே என் தொழில். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்தின் உபயோகத்துக்கு. அதைப் பக்கத்துக் கடைக்குக் காசுக்குக் கொடுக்க ஒப்பந்தம் இடம் தராது. அதைவிடப் பெரிய விஷயம், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ பொறுப்பும் அவருக்குத்தான். பக்கத்து விடுதியில் தங்கும் யாரோ ஒருவர் திருட்டுப் படம் இறக்கினால், திருட்டுப் பதிவிறக்கத்தைக் கண்காணிக்கும் பிரெஞ்சு அரசு அமைப்பான ஆர்கோமின் எச்சரிக்கைக் கடிதம் உங்கள் பெயருக்கு வரும். திரும்பத் திரும்ப நடந்தால் 1,500 யூரோ வரை அபராதம் விழலாம். நீங்கள் ஏன் அதைச் சுமக்க வேண்டும்? பிரான்சின் 1901-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி இரண்டு பேர் இருந்தாலே சங்கம் பதியலாம். மூவரும் ஒரு சங்கம் பதிந்து, அதன் பெயரில் வணிகத் திட்டம் எடுங்கள். பகிர்ந்துகொள்ளப் போவதை முதலிலேயே சொல்லி, அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஹெலிகாப்டரில் சாமான் ஏற்றக் காசு கொடுப்பதற்கு முன்னால், வானம் தெரிகிறதா என்று பாருங்கள். மஃபாத்தில் நாலு பக்கமும் மலைச்சுவர். சாட்டிலைட் இணையம் தரும் ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் செயலியைத் திறந்து, போன் கேமராவை வானத்தில் சுற்றிக் காட்டினால் எந்தப் பக்கம் மறைக்கிறது என்று சொல்லிவிடும். நம் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால், தெற்குப் பக்கத்தை முக்கியமாகக் கவனியுங்கள். மூன்று கூரையில் எது தோதோ அங்கே மாட்டுங்கள், யார் வீடு என்று பார்க்காதீர்கள்.

அப்புறம் மின்சாரம். உங்களுக்கு எல்லாமே சோலார்தான். ஆன்டெனா 75 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட். ராத்திரி பதினொன்று முதல் ஐந்து வரை நிறுத்தினால் அதில் கால்வாசி மிச்சம். யார் கூரையில் இருக்கிறதோ அவர் பேட்டரிதான் தேயும், அதனால் மாதப் பங்கில் அவருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரிலிருந்து மற்றக் கடைகளுக்கு இழுக்கும் ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். அதற்கு மேல் என்றால் கூரைக்குக் கூரை வைஃபை பாலம், அதாவது கேபிள் இல்லாமல் இணைக்கும் கருவி, போடலாம். ரவுட்டரில் மூன்று கடைக்கும் தனித்தனி நெட்வொர்க், தனித்தனி வேக வரம்பு வையுங்கள். கார்டு மெஷின்களுக்கு முதல் உரிமை கொடுங்கள். அக்டோபரில் கிராண்ட் ரெய்டு என்ற மலை ஓட்டப் பந்தயத்தின் ஓட்டக்காரர்கள் மஃபாத் வழியாகப் போகும் ராத்திரியை நினைத்துப் பாருங்கள். இரண்டு விடுதியிலும் ஆளுக்கொரு வீடியோ ஓடும். மளிகைக்கடையில் ஒருவர் கார்டைச் செருகிவிட்டு நிற்பார். மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும், ரசீது வராது, பின்னால் வரிசை நீளும். அந்த மெஷினுக்குத் தேவை சில கிலோபைட்தான். முன்னுரிமை இருந்தால் நொடியில் முடியும்.

பணத்தைச் சமமாகப் பிரிக்காதீர்கள். விருந்தினர் வைத்திருக்கும் விடுதிகள் கூடுதலாகவும் மளிகை குறைவாகவும் கொடுப்பதே நியாயம். ஒருவர் விலகினால் அவர் போட்ட முதலுக்கு என்ன கணக்கு என்பதையும் இப்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: புயல் வந்தால் கூரை ஆன்டெனாவைக் கழற்ற வேண்டுமா?
- ஒரு வாசகர், சலாசி

பதில்: கட்டாயம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததுமே கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். சிவப்பு வந்தபின் வெளியே வரவே தடை, கூரை ஏற முடியாது. கேபிள் முனையைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டுங்கள், தண்ணீர் போனால் கேபிளையே மாற்ற வேண்டிவரும்.