ட்யூப்லெஸ் டயர் வாங்கும் முன்: பெங்களூரு வாசகர்களின் சைக்கிள் கேள்விகள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ரோடு பைக்குக்கு ட்யூப்லெஸ் டயர் மாட்டுவது பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குக் கிளம்பினால் தேவனஹள்ளி தாண்டுவதற்குள் பஞ்சர் ஆகிவிடுகிறது. 25 மி.மீ. டயர், உள்ளே சாதாரண ட்யூப். இப்போதிருக்கும் வீலிலேயே டேப் சுற்றி ட்யூப்லெஸ் டயர் மாட்டிவிடலாம் என்கிறான் நண்பன். செய்யலாமா? (ஜீவன்பீமா நகர் வாசகர்)

முதலில் வீலைப் பாருங்கள் தம்பி, டயரை அப்புறம் பார்க்கலாம். ட்யூப் இல்லாமல் காற்றைப் பிடித்து வைப்பது டயர் மட்டும் இல்லை, டயரும் ரிம்மும் சேர்ந்துதான். ட்யூப்லெஸ்ஸுக்கென்று செய்த ரிம்மில் டயரின் விளிம்பு, அதாவது கடைகளில் பீடிங் என்று சொல்வது, உட்காருவதற்குத் தட்டையான ஒரு படி இருக்கும், அது உள்பக்கம் நழுவாமல் பிடிக்கச் சின்னதாக ஒரு மேடும் பெரும்பாலும் இருக்கும். சாதாரண ரிம்மில் இது கிடையாது. டேப் சுற்றி சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்க டயருக்குள் விடும் திரவம், ஊற்றினால் அதிலும் காற்று நிற்கக்கூடும், எனக்குப் பயம் அதுதான். நின்றுவிட்டது என்று நம்பி ஓட்டுவீர்கள், காற்று கொஞ்சம் இறங்கிய நேரத்தில் நந்தி இறக்கத்தின் ஒரு கொண்டை ஊசி வளைவில் பீடிங் நழுவும். வேண்டவே வேண்டாம்.

ரிம்மில் ‘ட்யூப்லெஸ் ரெடி’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் வீல் கம்பெனி தரும் விவரத்தில் தேடுங்கள். ரொம்பப் பழைய வீல் என்றால் இன்னும் கவனம் தேவை. ஹட்சின்சனும் ஷிமானோவும் சேர்ந்து 2006-ல் ரோடு பைக்குக்கு ட்யூப்லெஸ்ஸைக் கொண்டுவந்த பிறகு, ரொம்ப வருடங்கள் ரிம் கம்பெனி ஒரு அளவும் டயர் கம்பெனி ஒரு அளவுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே டயர் ஒரு ரிம்மில் லொடலொடவென்று இருக்கும், இன்னொரு ரிம்மில் இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் ஏறாது. இப்போது நிலைமை எவ்வளவோ மேல்.

பஞ்சருக்கு வருகிறேன். நம் ஏர்போர்ட் ரோடு ஓரத்தில் டயரைக் குத்துவது பெரும்பாலும் கண்ணாடிச் சில்லும், வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த மயிர் போன்ற மெல்லிய கம்பியும்தான். இந்த மாதிரிச் சின்ன ஓட்டைகளைத்தான் சீலன்ட் நன்றாக அடைக்கும், பல தடவை பஞ்சர் ஆனதே தெரியாது. அதனால் வீல் ஒத்துவந்தால் மாறுங்கள். ஒத்துவராவிட்டால் ஃபிரேமில் இடம் இருக்கிற அளவுக்கு 28 மி.மீ. டயர், பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்தது, ட்யூபோடு போடுங்கள். இப்போது நீங்கள் படும் அவஸ்தையில் பாதி அதிலேயே குறையும்.

கேள்வி: டயர் கம்பெனிகள் 320 டிபிஐ, 220 டிபிஐ என்று என்னென்னவோ போடுகிறார்கள். எண் கூடக்கூட வேகமா? ரேஸ் டயரே வாங்கிவிடலாமா, பெங்களூரு ரோட்டுக்குத் தாங்குமா? (அல்சூர் வாசகர்)

டிபிஐ என்பது டயரின் உள்துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்ற கணக்கு. இழை மெலிதானால் துணி வளைந்து கொடுக்கும், ரோட்டின் சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் டயர் துள்ளாமல் படிந்து ஓடும், அதுவரை சரி. ஆனால் பெட்டியில் இருக்கும் எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிட முடியாது. கான்டினென்டல் ஜிபி5000-ல் 330 என்று போட்டிருப்பார்கள், அது 110 இழை கொண்ட மூன்று அடுக்கின் கூட்டுத்தொகை. அதே குடும்பத்தின் ட்யூப்லெஸ் டயரான ஜிபி5000 எஸ் டிஆரில் 220 என்று இருக்கும், இரண்டு அடுக்கு. எண் குறைந்ததால் டயர் மட்டம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். விட்டோரியா கோர்ஸா ப்ரோவில் இருக்கும் 320 பருத்தித் துணியின் எண், அது வேறு கணக்கு.

இங்கே எதை வாங்கலாம் என்றால், என் கருத்தைத் திட்டவட்டமாகவே சொல்கிறேன். பருத்தித் துணி டயர் ஓடும் சுகம் தனிதான், மறுக்கவில்லை. ஆனால் ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழை, மழைத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு வரும் கண்ணாடி, பள்ளத்தின் கூரான விளிம்பு உரசும் பக்கச் சுவர், இவ்வளவுக்கும் நடுவில் அந்த விலை கொடுத்து அதைத் தேய்ப்பதற்கு மனசு வராது. ரேஸுக்கென்று இன்னொரு வீல் செட் வைத்திருப்பவர் அதில் போடட்டும். ஒரே ஒரு வீல் செட் வைத்து எல்லா நாளும் ஓட்டுபவருக்கு நைலான் துணி டயர் போதும், அதிலேயே வேகமானவை இருக்கின்றன: ஜிபி5000 எஸ் டிஆர், ஷ்வால்பே ப்ரோ ஒன், விட்டோரியாவிலேயே கோர்ஸா நெக்ஸ்ட். ஜிபி5000 எஸ் டிஆர் 28 மி.மீ.க்குக் கம்பெனி சொல்லும் எடை 280 கிராம். இதையும் தாண்டிப் பாதுகாப்பு வேண்டும், வேகம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்றால் ஜிபி5000 ஏஎஸ் டிஆர் அல்லது பிரெல்லி சின்டுராட்டோ வேலோ. தினமும் வெளிவட்டச் சாலையில் வேலைக்குப் போய் வருபவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன். அந்தச் சாலையில் ஒருவர் தினமும் ஆணி பொறுக்கிக் கிலோக் கணக்கில் சேர்த்தார் என்று செய்தியே வந்தது, படித்திருப்பீர்கள்.

பெயரை விட முக்கியமானது ஒன்று உண்டு, அகலம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், கடையில் யாரும் சொல்வதில்லை. சீலன்ட் ஓட்டையை அடைப்பது எப்படி என்றால், காற்றோடு வெளியே வரும்போது அதிலுள்ள ரப்பர் பால் ஓட்டையின் வாயில் திரிந்து கட்டியாகிறது. உள்ளே அழுத்தம் ரொம்ப அதிகமாக இருந்தால் கட்டியாவதற்குள் பீய்ச்சி வெளியே தள்ளிவிடும். 90, 100 பிஎஸ்ஐ அடித்த மெல்லிய டயரில் சின்ன ஓட்டை விழுந்தாலும் முதுகெல்லாம் வெள்ளையாகத் தெளித்து, அழுத்தம் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் நிற்கும். அகலமான டயரில் 60-க்குப் பக்கத்தில் ஓட்டினால் அதே ஓட்டை சீக்கிரம் மூடும், உள்ளே மிச்சக் காற்றும் இருக்கும். ‘ட்யூப்லெஸ் மாட்டியும் பிரயோஜனம் இல்லை’ என்று எழுதுபவர்களில் பலர் 25 மி.மீ. டயரில் காற்றை அடைத்து ஓட்டுபவர்கள். 28-க்குக் கீழே ட்யூப்லெஸ் போகாதீர்கள். ஃபிரேமும் ஃபோர்க்கும் இடம் கொடுத்தால் 30 அல்லது 32.

இடம் இருக்கிறதா என்பதை டயரில் அச்சடித்த எண்ணை வைத்து முடிவு செய்யவும் கூடாது. உள்அகலம் 19 மி.மீ. உள்ள ரிம்மில் 28 ஆக இருக்கும் டயர் 23 மி.மீ. ரிம்மில் 29, 30 வரை விரியும். மாட்டிய பிறகு டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே எல்லாப் பக்கமும் 4 மி.மீ.யாவது இருக்கட்டும், ஈர மண் ஒட்டினால் அந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

கேள்வி: என் எடை 88 கிலோ. புது பைக்கில் ஹூக்லெஸ் கார்பன் ரிம் வந்திருக்கிறது, 28 மி.மீ. டயர். பழைய பழக்கத்தில் 100 பிஎஸ்ஐ அடிக்கிறேன், அதற்குக் கீழே போனால் பின் டயர் அமுங்குகிற மாதிரித் தெரிகிறது. (எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்)

சார், இதைப் படித்தவுடன் போய்க் காற்றை இறக்கிவிடுங்கள். ஹூக்லெஸ் ரிம்மில் டயரைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி கிடையாது, நேர்ச் சுவர் மட்டும்தான். அதனால் உச்ச வரம்பு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. அதுவும் டயரும் ரிம்மும் இரண்டுமே அனுமதித்தால்தான், எதில் குறைவாகப் போட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் வரம்பு. டயரின் பக்கத்தில் ஹூக்லெஸ்ஸுக்கு ஏற்றது என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், எல்லா டயரும் ஏற்றது இல்லை.

அடுத்தது ரிம்மின் உள்அகலம். அது 25 மி.மீ. என்றால் 28 டயர் போதாது, தர அமைப்பான இடிஆர்டிஓவின் கணக்கில் குறைந்தது 29 வேண்டும். 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் சைக்கிள் பந்தயத்தில் தாமஸ் டி கென்ட் என்ற வீரர் விழுந்தபோது முன் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து தொங்கியது, அது 25 மி.மீ. ஹூக்லெஸ் ரிம்மில் மாட்டிய 28 டயர். தான் ஒரு கல்லில் ஏறியதாக அவர் சொன்னார், காரணத்தைப் பற்றி நிறைய வாதம் நடந்தது. நமக்கு வாதம் வேண்டாம், வரம்புக்குள் இருந்தால் போதும்.

அமுங்குகிற மாதிரி இருப்பது பெரும்பாலும் பழக்கம்தான். கல் மாதிரி இறுகிய டயர் வேகமாகப் போகிற மாதிரித் தோன்றும், ஆனால் சொரசொரப்பான தாரில் அது உங்களையும் பைக்கையும் சேர்த்துத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. முன்னால் போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கு அந்த அதிர்வில் வீணாகிறது. உங்கள் எடைக்கு 30 அல்லது 32 மி.மீ. டயர் போட்டுப் பின்னால் 65, முன்னால் 60 பிஎஸ்ஐ-யில் தொடங்குங்கள். பள்ளத்தில் ரிம் தட்டினால் இரண்டு இரண்டாக ஏற்றுங்கள், வரம்பைத் தாண்டாமல். ஸ்ராம், சில்கா என்ற இரண்டு சைக்கிள் பாகக் கம்பெனிகளும் இணையத்தில் காற்றழுத்தக் கணக்குப் பக்கம் வைத்திருக்கிறார்கள். உடல் எடை, பைக் எடை, டயர் அகலம் கொடுத்தால் ஆரம்ப எண்ணைச் சொல்லும். நம் ரோட்டுக்கு அதில் மோசமான சாலை என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

கேள்வி: சீலன்ட் எவ்வளவு ஊற்ற வேண்டும், எப்போது மாற்ற வேண்டும்? தொட்டபள்ளாப்பூர் ரோட்டில் தனியாகப் போகும்போது அது அடைக்காத ஓட்டை விழுந்தால் நான் என்ன செய்வது? (ஃப்ரேசர் டவுன் வாசகி)

28 மி.மீ. டயருக்கு 30 முதல் 40 மில்லி, 32-க்கு 45 வரை. பெங்களூரு குளிர்ச்சியான ஊர் என்று நாம் சொல்லிக்கொண்டாலும் மார்ச், ஏப்ரலில் சீலன்ட் சீக்கிரம் காய்கிறது, மாடி பார்க்கிங் வெயிலில் நிற்கும் பைக் என்றால் இன்னும் சீக்கிரம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வால்வின் உள்ளே இருக்கும் கோரைக் கழற்றி ஒரு மெல்லிய குச்சியை விட்டுப் பாருங்கள். நனையாமல் வந்தால் ஊற்ற வேண்டும். வேறு கம்பெனி சீலன்ட்டை இருப்பதோடு கலக்காதீர்கள்.

பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பிளக் செட், ஒரு ட்யூப், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு லீவர், நல்ல கைப் பம்ப். பிளக் என்பது பிசுபிசுப்பான சின்னத் திரி, ஓட்டையில் ஊசியால் குத்தி இறக்கிவிட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் சீலன்ட் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். டயரைக் கழற்றவே வேண்டாம். இதை வீட்டில் ஒரு பழைய டயரில் குத்திப் பழகுங்கள் அம்மா, ரோட்டோரத்தில் முதல் தடவையாகச் செய்யக் கூடாது. பக்கச் சுவர் கிழிந்தால் பிளக் நிற்காது. வால்வைக் கழற்றிவிட்டு, கிழிசலுக்குள் மடித்த பத்து ரூபாய்த் தாளோ பிஸ்கட் உறையோ வைத்து, ட்யூபைப் போட்டுக் காற்றைக் குறைவாக அடித்து மெதுவாக வீடு வந்து சேருங்கள். ட்யூபைப் போடும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் பார்த்துத் தடவுங்கள், சீலன்ட் அடைத்து வைத்த பழைய கம்பி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், அது ட்யூபைக் குத்தும்.

கார்பன் டை ஆக்சைடு கேனால் அடிக்கலாம், ஆனால் சில ரப்பர் பால் சீலன்ட்டுகள் அந்தக் குளிரில் கட்டிதட்டும். வீட்டுக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டயர் ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது. லீவர் இரண்டு உடைந்தது. (விவேக் நகர் வாசகர்)

வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். போகப் போக ஏற்கெனவே ஏறிய பீடிங்கை விரலால் கிள்ளி ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வாருங்கள், கடைசியில் வேண்டிய தளர்ச்சி அங்கிருந்துதான் வரும். சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஏறிய பிறகு காற்று பிடிக்கவில்லை என்றால் வால்வு கோரைக் கழற்றி கம்ப்ரசரால் அடியுங்கள். பெட்ரோல் பங்க்கிலும் செய்யலாம், சைக்கிள் வால்வுக்கான அடாப்டர் நீங்கள் கொண்டுபோக வேண்டும், அழுத்தத்தையும் நீங்களே கவனிக்க வேண்டும். பட் பட்டென்று சத்தம் கேட்டால் பீடிங் உட்கார்ந்துவிட்டது.

கேள்வி: கோரமங்களாவில் ஆபீஸ், வாரத்துக்கு இரண்டு நாள்தான் சைக்கிள். எல்லோரும் ட்யூப்லெஸ் என்கிறார்களே, நானும் மாற வேண்டுமா? (பேகூர் வாசகர்)

வேண்டாம். வாரக் கணக்கில் ஓடாமல் நிற்கும் சைக்கிளில் சீலன்ட் அடியில் தேங்கிக் காய்ந்துபோகும், பராமரிப்பு வேலைதான் மிச்சம். எடையிலும் பெரிய லாபம் இல்லை, ட்யூபின் எடையை சீலன்ட்டும் தடித்த டயரும் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். உங்களுக்கு 28 அல்லது 32 மி.மீ.யில் நல்ல பஞ்சர் தடுப்பு உள்ள சாதாரண டயர், உள்ளே வழக்கமான பியூட்டைல் ரப்பர் ட்யூப். எடை குறைய வேண்டும் என்றால் டிபியு என்ற மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் போடுங்கள், 40 கிராமுக்குள் இருக்கும், மடித்தால் சட்டைப் பையில் அடங்கும். ஆனால் வீலுக்குள் போடும் முன் அதில் கொஞ்சம் மட்டும் காற்று விடுங்கள், வெளியே வைத்து முழுசாக ஊதினால் நீண்டுபோய்ப் பழைய அளவுக்குத் திரும்பாது.