கண்ணாலை கண்டது பொய்யே?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. போன மாரிமழைக்குள், யாழ்ப்பாணத்து வல்லை வெளியில் பஸ் ஒன்று வெள்ளத்தில் இழுபடுகிறது என்று வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அம்மா அதை ஒவ்வொருத்தராகச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினார். பொய் என்று நான் சொன்னால், "கண்ணாலை கண்டது பொய்யே?" என்று கோபிக்கிறார். எப்படி விளங்கப்படுத்துவது?
- வாசகி, கொக்குவில்

பதில்: பிள்ளை, நீங்கள் அனுப்பிய வீடியோவை நாலைந்து தரம் பார்த்தேன். பஸ் சிவப்பு. எங்கள் அரச பஸ் சீரிபியும் சிவப்பு, அதில்தான் அம்மா ஏமாந்திருக்கிறார். ஒன்பதாவது விநாடியில் நிறுத்திப் பாருங்கள். பின்னால் கடைப் பலகையில் மலையாள எழுத்து. ஓரத்தில் நிற்கும் ஆட்டோ கறுப்பும் மஞ்சளும். எங்கள் ஊரில் சிவப்பு, நீலம், பச்சை அல்லவா ஓடுகின்றன? ஆக, அம்மா கண்ணால் கண்ட வெள்ளமும் பஸ்ஸும் உண்மை. வல்லை என்பதை அவர் காணவில்லை, கீழே எழுதியிருந்ததை வாசித்தார். இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். "பொய்" என்ற சொல்லோடு தொடங்க வேண்டாம்.

நான் 22 வருஷம் கலியாண வீடியோ வெட்டி ஒட்டினவன். ஓமப் புகையில் கண் கலங்கிய பெண்ணின் தாயைத் தாலிகட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினால், கனடாவில் இருந்து பார்க்கிற சகோதரி விம்மி அழுவார். நூறு வருஷத்துக்கு முன்பே ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் இதைச் செய்து பார்த்தவர். ஒரே முகத்தைச் சூப் கோப்பைக்கும் சவப்பெட்டிக்கும் பக்கத்தில் மாறி மாறி ஒட்டினார். பார்த்தவர்கள் பசி என்றும் துயரம் என்றும் சொன்னார்களாம். அம்மாவையும் ஒருநாள் முற்றத்தில் இரண்டு துண்டு எடுக்கவிட்டு, போனிலேயே ஒட்டச் சொல்லுங்கள். படம் உண்மையாக இருந்தும் பக்கத்தில் ஒட்டுவது கதையை மாற்றும் என்பது, தன் கையால் செய்தால் பிடிபடும்.

அப்புறம், ஒவ்வொருத்தராக அனுப்பினார் என்றீர்களே, அதிலேயே ஒரு அடையாளம் இருக்கிறது. பல கை மாறி வந்த செய்திக்கு வட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடும். 2020 ஏப்ரலில் இருந்து அதை ஒரு தடவையில் ஒருவருக்குத்தான் அனுப்ப விடுகிறது. அந்த அம்பைக் கண்டால், முதலில் எடுத்தவர் யாரென்று அனுப்பியவருக்கே தெரியாமல் இருக்கலாம் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு செய்கிற வீடியோவில் பலகையும் ஆட்டோவும் எங்கள் ஊர் மாதிரியே இருக்கலாம். அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வல்லைக்குப் பக்கத்தில், நெல்லியடியில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருப்பார்கள். அனுப்ப முதல் அம்மாவே அவர்களுக்குப் போன் எடுத்து, "அங்கை வெள்ளமோ?" என்று கேட்கட்டும்.